தலைகீழ் விருந்து

அலுவலகப் பயிற்சிக்குப் போய்வந்ததிலிருந்து கணவனுக்கு எதையும் நேராக யோசிக்க வரவில்லை.

“விருந்து நல்லா நடக்க என்ன செய்யணும்னு யோசிக்கக் கூடாது. எப்படி நாசமாப் போகும்னு யோசிச்சு, அதையெல்லாம் தவிர்த்துடணும்” என்றான் மனைவியிடம்.

அப்பாவைத் தன் வீட்டோடு அழைத்துப்போக, அண்ணன் மாலையில் அண்ணியோடு வருகிறான். பக்கத்து அறையில் அப்பா பெட்டியில் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மனக்கசப்பில்லாமல் அனுப்பிவைக்க வேண்டுமே என்பது இவன் கவலை.

“சொல்லு, எது நடந்தா அண்ணிக்குக் கோவம் வரும்?”

“அவங்க செஞ்சு எடுத்துட்டு வர்ற கேக்கை மாமா குறை சொன்னா!” என்றாள் மனைவி, உரக்க.

“அப்புறம்?”

“உங்கண்ணன் பத்தாவதுல ஃபெயிலான கதையை மாமா எடுத்தா! சாப்பிடும்போது டி.வி.யை அலற விட்டா!”

“ஏன் கத்துறே? பக்கத்துலதானே நிக்கிறேன்?”

“ஒரு வேகத்துல வந்துடுச்சுங்க.”

மாலையில் மூன்றும் ஒன்றுவிடாமல் நடந்தன. கேக்கைச் செங்கல் என்றார் அப்பா. ஃபெயில் கதையை இரண்டு முறை சொன்னார், அலறுகிற டி.வி.க்கு மேல் குரலை உயர்த்தி.

அண்ணி கை கழுவிய ஈரத்தோடு செருப்பை மாட்டினாள். “மாமா இங்கேயே இருக்கட்டும். பழகின இடம்.”

கார் கிளம்பியதும் கணவன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். “முன்னாடியே தெரிஞ்சும் தடுக்க முடியலையே!”

அப்பா டி.வி.யை அணைத்துவிட்டு மருமகளிடம் வந்தார்.

“பெரியவன்கிட்ட வரமாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வராதும்மா, நல்லவேளை. மூணுதானே சொன்னே? நாலாவது எதுவும் என் காதுல விழாமப் போயிடலையே?”

“மூணே போதும் மாமா” என்றபடி அவள் பெட்டியிலிருந்த சட்டைகளை எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்கினாள்.