சீரியஸுக்கு முந்தைய சொல்

டாக்டர் தெலுங்கில் நான்கு வரி சொன்னார். அதில் ஒரே ஒரு இங்கிலீஷ் சொல். சீரியஸ்.

அம்மாவை வரச் சொல், நினைவு இருக்கும்போதே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அம்மா அன்று காலையில்தான் திருப்பதி ஆஸ்பத்திரியிலிருந்து முதல் பஸ் பிடித்துக் கார்வேட்டிநகரம் வீட்டுக்குப் போயிருந்தாள். மூன்று நாளாக மாடு பக்கத்து வீட்டில் கட்டிக் கிடந்தது. கட்டிலில் கிடந்த அப்பா, எங்கள் நைனா, அப்போது தெளிவாகத்தான் இருந்தார். இரண்டு இட்லி தின்றார். நீ போய் மாட்டைப் பாரு என்று அவரேதான் அனுப்பிவைத்தார்.

மணி பத்து இருபது. அங்கிருந்து திருப்பதிக்குப் பத்தே முக்காலுக்கு ஒரு பஸ். அதை விட்டால் ஒன்றரைக்குத்தான்.

போனை எடுத்துவிட்டேன். எடுத்து என்ன சொல்வது?

சீரியஸ் என்று மட்டும் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் அதற்குச் செத்துவிட்டார் என்று அர்த்தம்.

எல்லா இடத்திலும் அப்படி இல்லை. கணக்கு வாத்தியார் சீரியஸாகப் படிடா என்று முதுகில் ஒன்று வைப்பார். தேவசேனாவிடம் காதலைச் சொல்லி, நான் சீரியஸ் என்றபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். யாரும் சாகவில்லை. ஆனால் தாத்தா காலத்தில் இந்தச் சொல் தந்தியில் ஏறிவிட்டது. சாவை அப்படியே அடிக்க மனசு வராமல் சீரியஸ் என்று அடித்தார்கள். தந்தி போய் போன் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. சீரியஸ், கிளம்பி வா. அவ்வளவுதான். கேட்டவர்கள் போனை வைத்துவிட்டு மாரில் அடித்துக்கொள்வார்கள்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் அம்மாவின் அண்ணன் தாமோதரன் மாமா சித்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அத்தை போன் பண்ணி சீரியஸ் என்றாள். பாவம், அவள் நிஜத்தைத்தான் சொன்னாள். அம்மாவோ ஒப்பாரி வைத்தாள். பங்காளிகள் கூடினார்கள். வேன் பேசினோம். பெரிய மாலையாகக் கட்டச் சொல்லிக் காத்திருந்து வாங்கினோம். போனவருக்கு இனி என்ன அவசரம் என்று நிதானமாகத்தான் போனோம்.

போய்ச் சேர்ந்தபோது மாமாவின் உடம்பில் சூடுகூட ஆறவில்லை. ஒரு மணி நேரம் முன்புவரைக்கும் செங்கம்மா வந்துட்டாளா, செங்கம்மா வந்துட்டாளா என்று அம்மாவைக் கேட்டு வாசலையே பார்த்துக்கொண்டு இருந்தாராம்.

மாலையோடு நின்றாளே அம்மா, அந்த முகத்தை இன்னொரு தடவை என்னால் பார்க்க முடியாது.

சரி, வேறு என்ன சொல்ல? உடம்பு முடியவில்லை என்றால், அதான் மூணு நாளாத் தெரியுமே என்பாள். மாட்டைக் கழுவிவிட்டுச் சாயங்காலம் வருவாள். உடனே வா என்றால் போச்சு, அதுவும் சாவுதான். நல்லா இருக்கிறார், ஆனாலும் ஓடி வா என்று எவனாவது சொல்வானா?

உசிரோடு இருக்கிறார், சீக்கிரம் வா. இதற்கு இருந்தது ஒரே ஒரு சனியன் பிடித்த சொல். அதையும் சாவுக்குக் கொடுத்துவிட்டோம்.

பத்து இருபத்தெட்டு. நைனாவின் மூக்கையும் வாயையும் மூடி ஆக்ஸிஜன் மாஸ்க். அவரால் பேச முடியாது.

ஆனால் போனில் என் குரலும் அவர் குரலும் ஒன்று. ஊரில் பாதிப் பேர் ஏமாந்திருக்கிறார்கள். தலையணைக்கு அடியில் இருந்த அவர் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினேன். இன்று அம்மாவையே ஏமாற்றப் போகிறேன். அவள் எடுத்ததும் நைனா மாதிரியே விடாமல் கத்தினேன்.

"இன்னாமே பண்ணிக்கினு கீற அங்க? மாடு எங்க ஓடிடப் போவுது? பத்தே முக்கா பஸ்ஸப் புடி!"

அந்தப் பக்கம் வாளியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் வரேன் என்றாள். வைத்துவிட்டாள்.

பன்னிரண்டேகாலுக்கு வந்து சேர்ந்தாள். விரலிடுக்கில் சாணி காய்ந்திருந்தது. மாலை இல்லை, பங்காளிகள் இல்லை. நைனா கண்ணைத் திறந்து பார்த்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மாடு நல்லாக் கறந்தது, பக்கத்து வீட்டுக்காரி தவிடு வைத்திருக்கிறாள் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். அவரும் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒன்றேகாலுக்கு அந்தப் பிடி தளர்ந்துவிட்டது.

அழுது ஓய்ந்து வராந்தாவில் உட்கார்ந்தாள். காலையில் போனில் பேசியது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"உங்க நைனா இருமாம நாலு வார்த்த பேசி நான் கேட்டதே இல்லடா திலீப்பு. நீதான்னு அப்பவே தெரிஞ்சிச்சு. அவரு போய்ச் சேந்திருந்தா நீ சீரியஸ்னுதான சொல்லியிருப்ப? அத நீ சொல்லலன்னதும் உசுரு இருக்குதுன்னு ஓடியாந்தேன்."

என் போன் அடித்தது. ரக்ஷிதா அக்கா. ஸ்ரீசிட்டியில் கம்பெனி கேன்டீனிலிருந்து பேசினாள். பின்னால் தட்டுச் சத்தம். நைனாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

அம்மாவைப் பார்த்தேன். சொல்லு என்று தலையாட்டினாள்.

"சீரியஸ்க்கா," என்றேன்.