அலுவலக நாக்கு

நட்சத்திர விடுதிகளுக்கு உணவும் ஒயினும் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் ஆலோசகர் பியூலா. வேலை முடிந்ததும் அவள் நாக்கின் சுவை உணர்வை நிறுவனம் பூட்டிவிடும். மறுபடி அலுவலகத்தில்தான் திறக்கும். விடுமுறை நாளிலும் பூட்டுதான். வீட்டுச் சாப்பாட்டால் ருசி கெட்டுவிடுமாம்! அந்த நிபந்தனைக்குச் சம்மதித்துத்தான் இந்த உயரத்துக்கு வந்தாள். கணவன் ஆசீரிடம் இதை அவள் சொன்னதே இல்லை.

ஞாயிறு மதியம் ஆசீர் மீன் குழம்பு வைத்தான்.

"உப்பு எப்படி இருக்கு, பியூலா?"

வாயில் வெறும் சூடுதான் தெரிந்தது.

"சூப்பரா இருக்குங்க. உப்பு, புளி எல்லாம் கரெக்ட்" என்றாள் வழக்கம்போல.

அவன் அவளையே சற்று நேரம் பார்த்தான். பிறகு தனக்கும் குழம்பை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டான்.

அந்தப் பார்வை அவளைக் குடைந்துகொண்டே இருந்தது. மறுநாள், மீந்த குழம்பை ஒரு சின்ன டப்பாவில் ஒளித்து எடுத்துப் போனாள். நாக்கு திறந்ததும், மேசையில் வரிசையாகக் காத்திருந்த ஒயின் கோப்பைகளை அப்படியே விட்டுவிட்டுக் கழிவறைக்கு ஓடினாள். கதவைத் தாழிட்டு, விரலால் வழித்து வாயில் வைத்தாள்.

குழம்பில் உப்பே இல்லை.

அதைத்தான் ஆசீர் நேற்று அவள் எதிரில் உட்கார்ந்து, முகம் சுளிக்காமல், தட்டு காலியாகும்வரை சாப்பிட்டிருக்கிறான்.