தட்டின் மேல் தண்ணீர்

அவரைக்காயை நறுக்கி வாணலியில் போட்டு, ஒரு கை தண்ணீர் தெளித்து, தட்டால் மூடினாள் மரகதம். மீதித் தண்ணீரைத் தட்டின் மேலேயே ஊற்றி, அடுப்பைச் சிறு தீயில் வைத்தாள்.

மேலே உட்கார்ந்த தண்ணீருக்குச் சிரிப்பாக வந்தது. நான் இறங்காமல் இவர்களாவது, வேகிறதாவது!

"நேத்துப் புடலங்காயை வேகவெச்சதே நான்தான். கருகுற மாதிரி இருந்தா குரல் குடுங்கப்பா, குதிச்சு வந்துடறேன்" என்றது.

உள்ளே அவரைக்காய் தன் ஈரத்திலேயே வியர்த்து வெந்துகொண்டிருந்தது. தண்ணீருக்கும் சூடேறியது. வேலை செய்கிற சூடு என்று அது நினைத்துக்கொண்டது.

தட்டைத் தூக்கியதும் பச்சை மாறாமல் பளபளத்தது அவரைக்காய்.

"பாத்தீங்களா? எல்லாம் என்னாலதான்!"

"சத்தியமா உங்களாலதான் அண்ணே" என்றது ஓர் அவரைத் துண்டு. "நீங்க மட்டும் உள்ளே வந்திருந்தா, நாங்களும் அந்தப் புடலங்காய் மாதிரி கூழாகியிருப்போம்."