கள்ளி முள்ளோட பீத்தல்

கள்ளிக்கு முள்ளே போதும்னா சொல்ற கோமளா? அந்த முள்ளும் அப்படித்தான் சொல்லிக்கிட்டுக் கிடந்துச்சு. "எந்த ஆடு வந்தாலும் ஒரே குத்து!" மடலுக்குள்ள இருந்த சாறுகிட்ட நக்கல் வேற. "கொழகொழன்னு கிடக்கிற, உனக்கு என்னடி வேல?" சாறுக்குச் சுருக்குன்னுச்சு.

ஒருநாள் ஆலங்கட்டி மழை. எங்க சித்தி கல்யாணப் பந்தலையே பொத்தலாக்குன மழை அது, மாப்பிள்ளை அண்டாவுக்கு அடியில ஒளிஞ்சாரு... அத விடு. கள்ளி மடல் கிழிஞ்சு, அதுல பூசணம் வந்து உக்காந்துச்சு. முள்ளு விறைச்சுக்கிட்டு நின்னுச்சு. பூசணமோ நடுவுல சாவகாசமா நடந்து போச்சு.

"அக்கா, இது ரொம்பப் பொடிசு, குத்த முடியல! மடலே அழுகிடும்க்கா!"

"இப்பதான் அக்காவா?"ன்னு கேட்டுக்கிட்டே, சாறு தன்கிட்ட இருந்த குட்டிப் புரதங்கள அனுப்புச்சு. அதுங்க பூசணத்தோட தோலப் பொத்துப் பொத்துன்னு ஓட்டை போட, பூசணம் சுருண்டு உதுந்துச்சு.

மறுநாள் ஓணான் வந்து, "பூசணம் வந்துச்சாமே?"ன்னுச்சு.

"ஒரே குத்து! ஆள் காலி"ன்னுச்சு முள்ளு.

சாறு உள்ளயே சிரிச்சுக்கிட்டு, கிழிசல ஒட்ட வச்சுக்கிட்டு இருந்துச்சு.

அடியே கோமளா, தூறுது பாரு! மாடியில காயிற வத்தல உள்ள கொண்டா. அதுக்கு முள்ளும் இல்ல, சாறும் இல்ல!