பெலிக்கனுக்குப் போட்ட புள்ளி

இரண்டு மென்பொருள் தளங்களை ஒப்பிட்டால் சிறந்தது வெல்லும் என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். இந்தப் பிழையை உடனடியாகத் திருத்தியாக வேண்டும். ஒப்பிடுகிறவர் எதற்கு அதிகப் புள்ளி ஒதுக்குகிறாரோ, அதில் கெட்டிக்காரத் தளமே வெல்லும். மீதியெல்லாம் வெறும் கூட்டல்.

போர் உச்சத்தில் இருந்த வருடம். கொழும்பு மென்பொருள் நிறுவனம் ஒன்று, கொச்சிக்கடையில் துறைமுகத்தை ஒட்டியிருந்த பண்டகசாலைக்குச் சரக்குக் கணக்குப் பார்க்கும் அமைப்பைக் கட்ட இருந்தது. எந்தத் தளத்தில் கட்டுவது? போட்டியில் இரண்டு: கிரனைட், பெலிக்கன்.

இளம் பொறியியலாளர் அருந்ததி இரண்டிலும் சிறு மாதிரி கட்டிப் பார்த்தாள். கிரனைட் வேகமானது. விலையும் பாதி.

கொள்வனவுக் குழுவின் தலைவர் ஸ்ரீஸ்கந்தராசா. அவர் மொத்தப் புள்ளியில் ஏறக்குறையப் பாதியை ஒரே விடயத்துக்கு ஒதுக்கினார்: அமைப்பை நிறுத்தாமலே புதிய மாற்றங்களை ஏற்ற முடியுமா? பெலிக்கனில் முடியும். கிரனைட்டில் முடியாது. பெலிக்கன் வென்றது. பண்டகசாலைக்காரரும் கையெழுத்திட்டுவிட்டார்கள்.

பெலிக்கன் முகவர் ஸ்ரீஸ்கந்தராசாவை மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டிப் போனது அலுவலகம் முழுக்கத் தெரியும். இறால் சாப்பிட்டார் என்பது வரை தெரியும்.

அருந்ததி பணிப்பாளர் நிலாமிடம் போய், புள்ளி ஒதுக்கியதில் நேர்மை இல்லை என்றாள். இனி முடிவை மாற்ற முடியாது, ஆனால் இதை மனதில் வைத்துக்கொள்கிறேன் என்று அவர் சொல்லி அனுப்பினார்.

பின்னால் சொல்லிவிட்டு முன்னால் சிரிக்க அவளுக்கு வராது. நேரே ஸ்ரீஸ்கந்தராசாவின் அறைக்குப் போனாள்.

“சேர், உங்களைப் பற்றி நிலாம் சேரிட்டச் சொல்லிப்போட்டன். மறைக்க விருப்பமில்லை.”

“நல்லது பிள்ளை. இரும்.”

“பண்டகசாலை ஆறு மணிக்குப் பூட்டுது. அதுக்குப் பிறகு அமைப்பை நிப்பாட்டினா ஆருக்கு நட்டம்?”

“பண்டகசாலைக்கு ஒரு நட்டமும் இல்லை. ஆர் அங்க போய் நிப்பாட்டுறது?”

“காளியப்பன். அது அவன்ர பொறுப்புத்தானே.”

நிறுவனத்தில் மாற்றங்களை ஏற்றும் வேலை பார்த்த காளியப்பன், பண்டாரவளைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவன். கொட்டாஞ்சேனையில் வாடகை அறையில் இருந்தான். போன மாதம் காய்ச்சலென்று சில நாள் வரவில்லை.

“காய்ச்சல் எண்டு லீவு போட்டது நான்,” என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. “தமிழ்ப் பெடியன், இருட்டின பிறகு துறைமுகப் பக்கம் வந்தான் எண்டு பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். பொலிசில கையெழுத்து வைச்சுக் கூட்டி வந்ததும் நான்தான். இனி ஒவ்வொரு மாற்றத்துக்கும் அந்த நேரத்தில அவனை அங்க அனுப்பச் சொல்லுறீரோ?”

வேறு யாரையாவது அனுப்பலாமே என்றாள் அருந்ததி.

“ஏன் ஆளை மாத்துறியள் எண்டு கேப்பினம். காரணம் தெரிஞ்சா, பொலிஸ் பிடிச்ச பெடியன் துறைமுக வேலைக்கே வேண்டாம் எண்டுவினம். அவன்ர வேலை போயிடும். தளத்தை மாத்தினா ஒருத்தரும் அவனைப் பற்றிக் கேக்க மாட்டினம். என்னைப் பற்றித்தான் கேப்பினம்.”

“அப்ப அந்த இறால்?”

“அது நல்லாத்தான் இருந்தது.”

அருந்ததி எழுந்தாள். “நான் போய் நிலாம் சேரிட்டச் சொல்லுறன், நான் சொன்னது பிழையெண்டு.”

“என்ன காரணம் சொல்லுவீர்?”

அவள் திரும்ப உட்கார்ந்தாள்.

பெலிக்கன் வந்தது. காளியப்பன் பட்டப்பகலில், பண்டகசாலையில், பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பை இருக்க, முதல் மாற்றத்தை ஏற்றினான்.

அடுத்த கொள்வனவுக் குழுவில் ஸ்ரீஸ்கந்தராசாவின் பெயர் இல்லை. நேர்மையான ஆள் ஒருவர் வேண்டும் என்று, அவருடைய இடத்தில் அருந்ததியைப் போட்டிருந்தார்கள்.