குதிகால் நேர்த்தி

"நேர்த்திக்கடனா? டொக்டரா சொன்னாரு?"

சர்மிளாவுக்குக் கோபம் தலைக்கேறியது. ஹட்டனில் அந்தச் சின்ன கிளினிக்கில் அவள்தான் பிசியோதெரபிஸ்ட். பக்கத்து அறையில் சீன முறையில் ஊசி வைத்தியம் பார்ப்பவர் டொக்டர் சண்முகராஜா.

"ஆமாங்க மிஸ்," என்றார் நாகலெட்சுமி. அக்கரப்பத்தனை தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். "ஊசி போட்டதும் புள்ளைக்கு வலி கொறஞ்சிருச்சு. முழுசா சொகமாகணும்னா தெனமும் அம்மன் கோயில் படியில நேர்த்தி செய்யச் சொன்னாருங்க."

பக்கத்தில் மகள் லோஜினி நெளிந்தாள். அடுத்த மாதம் மாகாண ஓட்டப் போட்டி. குதிகாலுக்கு மேலே வீங்கி, நடக்கவே முடியாமல் வந்தவள். சர்மிளா கொடுத்த பயிற்சியைச் செய்யவில்லை என்று போன தடவைதான் ஒப்புக்கொண்டிருந்தாள்.

"மிஸ், அது வந்து..."

சர்மிளா காதில் வாங்கவில்லை. நேரே பக்கத்து அறைக்குள் நுழைந்தாள்.

"சேர், இவ்வளவு படிச்சிட்டு கோயில் படிக்கு அனுப்புறீங்களே! அந்தப் புள்ள ஓட வேணாமா?"

"ஓடணும் மிஸ். ஞாயித்துக்கிழமை ஒருக்கா கோயில் பக்கம் போய்ப் பாருங்களேன்."

மனிதருக்குக் கோபம்கூட வரவில்லை. அதுவே சர்மிளாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஞாயிறு காலை, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்றே அக்கரப்பத்தனைக்குப் பஸ் ஏறினாள்.

தூறலில் லோஜினி கோயில் படியின் விளிம்பில் நின்றிருந்தாள். முன்பாதம் படியில், குதிகால் வெளியே. உன்னி எழுந்தாள். பிறகு மெல்ல, மெல்ல குதிகாலைக் கீழே இறக்கினாள்.

சர்மிளா அப்படியே நின்றுவிட்டாள். அது அவள் கொடுத்த பயிற்சி!

கீழே குடை பிடித்து நின்ற நாகலெட்சுமி அதட்டினார்.

"அவசரப்படாத புள்ள! அந்த மிஸ் சொல்லிக் குடுத்த மாதிரி செஞ்சாத்தான் அம்மன் ஏத்துக்குவான்னு டொக்டர் சொல்லியிருக்காரு. நேர்த்தியில கள்ளம் பண்ணாத!"

பயிற்சி என்றால் மகள் விட்டுவிடுவாள். அம்மனுக்கு வைத்ததைத் தாய் விடவே மாட்டார். வலியை ஊசியால் குறைத்துவிட்டு, காலுக்குப் பலம் தரும் வேலையைச் சர்மிளாவின் பயிற்சிக்கே விட்டிருக்கிறார் அந்த மனுஷன். சர்மிளாவுக்குக் கண் கலங்கியது.

திங்கட்கிழமை பக்கத்து அறைக் கதவை மெதுவாகத் தட்டினாள்.

"சேர், அடுத்த கிழமையில இருந்து லோஜினிக்குப் பயிற்சியைக் கொஞ்சம் கூட்டணும். அம்மன்கிட்ட சொல்லிடுறீங்களா?"