முக்காடு போட்டவள்

மாயவனின் செருப்பு மாதுவின் கன்னத்தில் விழுந்ததை, ஓட்டுச்சாவடிக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

"ஊர்ப் பொம்பளைங்களை நீ மறிச்சுக்கிட்டு நிக்கற. உன் வூட்டுப் பொம்பளை முக்காடு போட்டுக்கிட்டு வந்து ஓட்டுப் போட்டுட்டுப் போறா" என்றான் மாயவன்.

மாயவன், சுற்றுவட்டார நிலத்தையெல்லாம் ஆண்ட மிட்டாதாரின் வலது கை; மாது அவன் கீழ் அடியாள். நாற்பத்தாறாம் வருஷத்துத் தேர்தலில் மிட்டாதாரை எதிர்த்துச் சட்டசபைக்கு நின்றவள் ஒரு பெண். அவளுக்குப் பெண்களின் ஓட்டு ஒன்றுகூட விழக்கூடாது என்று உத்தரவு. காலையிலிருந்து மாது கம்பைநல்லூர் சாலையில் வண்டிகளை மறித்துக்கொண்டிருந்தான். இறங்க மறுத்த ஒருத்தியின் மண்டையைத் தடியால் பிளந்தும் இருந்தான்.

அப்போது எல்லாருக்கும் ஓட்டு கிடையாது; மாதுவின் வீட்டில் ஓட்டுள்ள பெண்கள் இரண்டு பேர். அவன் பேரில் பட்டா இருந்ததால் மனைவி காசியம்மாளுக்கு ஒன்று. பர்மா சண்டையில் செத்த மூத்த மகனுக்காகப் பென்ஷன் வாங்கும் அம்மா பழனியம்மாளுக்கு ஒன்று. அம்மா விடியற்காலையிலேயே தீர்த்தமலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தாள்.

எரிகிற கன்னத்தோடு மாது வீட்டுக்கு ஓடினான். களை எடுத்துவிட்டு அப்போதுதான் வந்த காசியம்மாள், முழங்கால் வரை ஒட்டியிருந்த சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள். கேள்வி முறை ஒன்றும் இல்லை. தலைமுடியைப் பற்றி உள்ளே இழுத்துப்போட்டு, புளியமிளாறு முறியும் மட்டும் விளாசினான்.

யார் சொல்லி ஓட்டுப் போட்டாய் என்று கேட்டுக் கேட்டு உதைத்தான். போட்டேன் என்றும் அவள் சொல்லவில்லை, போடவில்லை என்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் அவனுக்கு இன்னும் வெறியேற்றியது. கையை முறுக்கினான். எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது.

"அடிக்கறதுன்னா என்னையே அடிச்சுடுங்க. அதோட விட்டுடுங்க" என்றாள் அவள், வாயில் வழிந்த ரத்தத்தைத் துடைக்காமல்.

மூலையில் கிடந்த உலக்கையைத் தூக்கினான். ஓங்கிய உலக்கை இறங்கவில்லை. பின்னாலிருந்து யாரோ பிடித்திருந்தார்கள்.

பழனியம்மாள்தான். மருமகளின் துவண்டு தொங்கிய கையைப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள். அவள் குரல் உயரவே இல்லை.

"நான் போட்ட ஓட்டுக்கு அவளை எதுக்குடா கொல்ற?"